சூடானால் ஸ்டார்ட் ஆகாத டீசல் பிக்கப்: என் அனுபவம்

எங்கள் பழைய டீசல் பிக்கப் காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துவிடும். லோடு இறக்கிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால்தான் தகராறு. செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியது. அதனால் பேட்டரியைச் சந்தேகிக்கவில்லை. சைலன்சரில் புகையே இல்லை, அதாவது டீசல் உள்ளே போகவில்லை. ஃபில்டரில் ஏர் எடுத்துப் பார்த்தேன், குமிழி வரவில்லை; அதனால் டீசல் லைனில் காற்று புகுந்த கோளாறும் இல்லை.

அப்புறம், இன்ஜினுக்கு டீசலை அழுத்தத்தோடு அனுப்பும் ரோட்டரி பம்பின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றி, பச்சைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். பம்ப் ஆறியதும் பட்டென்று பிடித்தது! பம்புக்குள் சுழலும் ரோட்டரும், அது பொருந்தி உட்காரும் ஹெட்டும் தேய்ந்திருந்தால், சூட்டில் நீர்த்துப்போன டீசல் அந்த இடைவெளியில் கசிந்துவிடும். செல்ஃப் சுற்றும் வேகத்துக்கு, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைத் திறக்கும் அழுத்தம் வராது. பம்ப் கடையில் இரண்டையும் மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிச் சரிபார்த்து வாங்கியதும் தீர்ந்தது.

தண்ணீர்ச் சோதனையை இன்ஜின் நின்றிருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஓடும் பம்பில் குளிர்நீர் பட்டால் ரோட்டர் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளக்கூடும்.