சென்னை–சிங்கப்பூர் விமானத் தூரமும் நேரமும்: போன் கால்குலேட்டரிலேயே கணக்கிடுவது எப்படி?

தேவையானது இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும்தான். சென்னை: 12.99 வடக்கு, 80.17 கிழக்கு. சிங்கப்பூர் சாங்கி: 1.36 வடக்கு, 103.99 கிழக்கு. தெற்கு, மேற்கு என்றால் முன்னால் கழித்தல் குறி போடுங்கள். ஊரின் நடுப்புள்ளியை எடுக்காதீர்கள், விமான நிலையத்தின் புள்ளியையே எடுங்கள்.

சில தளங்கள் 12° 59′ என்று பாகை-கலையில் (டிகிரி-நிமிடத்தில்) தரும். அது 12.59 அல்ல. 59-ஐ 60-ஆல் வகுத்து, 12.98 என்று எழுத வேண்டும். இதில் தவறினால் விமான நிலையத்தின் புள்ளியே 40 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போகும்.

இனி கணக்கு. போனைப் பக்கவாட்டில் திருப்பினால் சைன் (sin), காஸ் (cos) பொத்தான்கள் வரும். தொடங்கும் முன் சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் சரி. −0.988 வந்தால் கால்குலேட்டர் ரேடியன் (Rad) என்ற வேறொரு கோண அலகில் இருக்கிறது, டிகிரிக்கு (Deg) மாற்றுங்கள். தலைகால் புரியாத விடை வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

1. சைன் 12.99 × சைன் 1.36 = 0.0053
2. தீர்க்கரேகை வித்தியாசம்: 103.99 − 80.17 = 23.82
3. காஸ் 12.99 × காஸ் 1.36 × காஸ் 23.82 = 0.8912
4. 1, 3-ஆம் படிகளின் விடைகளைக் கூட்டினால் 0.8965. இதற்கு காஸ் இன்வர்ஸ் (cos⁻¹) போட்டால் 26.3 டிகிரி.
5. பூமியின் மேல் ஒரு டிகிரி என்பது 111.195 கி.மீ. எனவே 26.3 × 111.195 = சுமார் 2,924 கி.மீ.

கடல் மைலில் வேண்டுமென்றால் டிகிரியை 60-ஆல் பெருக்குங்கள்: 1,578. நான்காம் படியில் 0.90 என்று முழுமையாக்கிவிடாதீர்கள், 50 கி.மீ. குறைந்துவிடும். நான்கு தசம இடங்களாவது வேண்டும்.

நேரத்துக்கு, ஜெட் விமானம் மணிக்கு 850 கி.மீ. என்று வைத்து வகுத்தால் 3.44 மணி. இது 3 மணி 44 நிமிடம் அல்ல, 0.44-ஐ 60-ஆல் பெருக்கினால் 26 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாவற்றுக்கும் 45 நிமிடம் சேருங்கள். ஏறக்குறைய நாலேகால் மணி நேரம்.

கடிகார நேரத்தில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பினால் அங்கே காலை 6.00. டிக்கெட்டைப் பார்த்தால் ஆறே முக்கால் மணிப் பயணம் போலிருக்கும். திரும்பும்போது இரவு 8.00-க்குக் கிளம்பி 9.45-க்கு இறங்குவீர்கள். லண்டன் போன்ற ஊர்களில் வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. பயணத் தேதியைப் பார்த்தே போடுங்கள்.

தூரத்தைச் சரிபார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளம் போதும். நேரத்துக்கு மட்டும் விமானங்களைப் பின்தொடர்ந்து காட்டும் ஃபிளைட்ரேடார்24 தளத்தையே நம்புவேன். அதே விமானம் முந்தைய நாட்களில் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்று அதில் தெரியும்.

பிற்சேர்க்கை: ஐரோப்பா போகும் தடங்களுக்கு 45 நிமிடம் போதாது. மேற்கிலிருந்து வீசும் ஜெட் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். மூடிய வான்வெளியும் இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின் ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியளவிலிருந்து 13 மணியளவுக்கு நீண்டது. கணக்கில் தூரம் மட்டும் அப்படியே இருக்கும்.