கடல் மீனுக்கு எத்தனை அடித் தொட்டி வாங்கலாம்?

நன்னீர் மீன் வளர்த்துப் பழகியவர்கள் கடல் மீன் பக்கம் வரும்போது, "முதலில் சின்னதாக வைத்துப் பார்ப்போம்" என்பார்கள். நானும் தருமபுரியில் இரண்டடித் தொட்டியில்தான் ஆரம்பித்தேன். சித்திரை வெயில், ஓசூரில் சொந்தக்காரர் கல்யாணம். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. கண்ணாடி விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்பு. இரண்டு கோமாளி மீன்களில் ஒன்று போய்விட்டது, மற்றது மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 28 செ.மீ. உயரத் தண்ணீரில் 2 செ.மீ. குறைந்தால் அது 37.7 கிராம் ஆகிவிடும். 43 செ.மீ. இருந்தால் அதே 2 செ.மீ.க்கு 36.7தான். வெயில் சூடும் அப்படித்தான், கொஞ்சமாக இருக்கும் தண்ணீரில் சீக்கிரம் ஏறும். சின்னத் தொட்டிதான் கஷ்டமான தொட்டி.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் மீனை முடிவு செய்யுங்கள், தொட்டியை அப்புறம். ஒரு ஜோடி கோமாளி மீனுக்கு 100 லிட்டர் போதும். குழந்தைகள் கேட்கும் அந்த நீல டாங் மீன் ஒரு அடி வரை வளரும், நாளெல்லாம் நீந்தும். ஆறடித் தொட்டி இல்லாமல் அதை வாங்க வேண்டாம்.

அடுத்து டேப்பை எடுத்து இடத்தை அளந்துகொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்கி, வருவதை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 191 லிட்டர். கல்லும் மணலும் இடம் பிடித்தபின் தண்ணீர் 160 லிட்டர்தான் நிற்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் சொல்லும் அளவு இதுதான். உயரத்தை இரண்டடி ஆக்காதீர்கள், அடி மணலைத் தொடத் தோள் வரை நனைய வேண்டியிருக்கும்.

தண்ணீர், கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்து கால் டன் எடை வந்துவிடும். டிவி ஸ்டாண்ட் தாங்காது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்கா பஞ்சம்? ஹாலோ பிளாக் அடுக்கி மேலே ஒரு கிரானைட் பலகையைப் போட்டு, மட்டம் பார்த்து, தெர்மாகோல் விரித்துவிட்டால் போதும்.

இதைவிடப் பெரிதாகப் போக நினைப்பவர்கள் தண்ணீரை யோசிக்க வேண்டும். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பும் ஃப்ளோரைடும் ஊரறிந்த கதை, அதில் கடல் உப்பைக் கலக்கக் கூடாது. ஆர்ஓ தண்ணீர்தான் வேண்டும், அதுவும் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டரில் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். குடிக்கிற ஆர்ஓவில் சுவைக்காக டிடிஎஸ்ஸைக் கூட்டி வைத்திருப்பார்கள், சோதித்துவிட்டுப் பிடியுங்கள். மேலே சொன்ன மூன்றடித் தொட்டிக்கே முதல் நிரப்பலுக்கு 160 லிட்டரும் ஆறு கிலோ உப்புக் கலவையும், வாராவாரம் மாற்ற 16 லிட்டரும் ஆகும். ஆறடித் தொட்டிக்கு இதெல்லாம் பல மடங்கு, மாதாமாதம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தண்ணீர் 24 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்குக் கவலை குறைவு. தருமபுரியில் கோடைக்கு மேலே ஒரு சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் இன்னும் வேகமாக வற்றும். அதனால் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்து, தினமும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரை அந்தக் கோடு வரை ஊற்றுங்கள்.

தொட்டி வீட்டுக்கு வந்ததும் சாதாத் தண்ணீரை நிரப்பி, சுற்றிலும் பழைய நியூஸ் பேப்பர் விரித்து இரண்டு நாள் விடுங்கள். பேப்பர் நனையவில்லை என்றால் உப்புப் பையைப் பிரிக்கலாம்.