இலையின் அடிப்பக்கம் நனையவே இல்லை

பாலக்கோடு பக்கம் எங்கள் தக்காளித் தோட்டத்தில் வெள்ளை ஈ அடங்கவே இல்லை. வாரம் தவறாமல் மருந்து அடித்தும் இலைச்சுருட்டல் கூடிக்கொண்டே போனது. கடையில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள்.

நீர்த்துளி பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் சோதனைத் தாள் ஒன்று உண்டு. அதை நறுக்கி, சில இலைகளின் மேலும் கீழும் மாட்டி, வெறும் தண்ணீர் அடித்துப் பார்த்தேன். மேலே இருந்த தாள் முழுக்க நீலம். கீழே இருந்தது அப்படியே மஞ்சள். வெள்ளை ஈ இருப்பது இலைக்கு அடியில்தானே! எத்தனை டேங்க் மருந்து வீணாய்ப் போயிருக்கும் என்று மனசு கசந்தது.

சரி என்று, தெளிப்பான் முனையில் இருந்த தேய்ந்த நாசிலைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவில் மெல்லிய துளி தரும் ஹாலோ கோன் நாசில் மாட்டினேன். முனையை மேல்நோக்கித் திருப்பி, செடியின் அடியிலிருந்து அடித்தேன். இப்படி அடித்தால் சாரல் முகத்துக்கு வரும். முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம் வேண்டும். நேரத்தையும் காற்று அடங்கிய மாலைக்கு மாற்றினேன். அப்புறம்தான் கீழ்த் தாளிலும் நீலப் புள்ளிகள் விழுந்தன. மருந்தளவைக் கூட்டவில்லை, லேபிளில் உள்ளதுதான்.

ஏற்கெனவே சுருண்ட செடிகள் தேறாது, அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அவற்றைப் பிடுங்கி அழித்துவிட்டேன். மற்றதில் கொழுந்து நேராக வருகிறது.