வகுப்பறைக்குள்ளேயே ஒரு டெபியன் ரெப்போ

தண்டையார்பேட்டையில் ஒரு மாடியில் சாயங்காலம் லினக்ஸ் சொல்லித்தருகிறேன். எல்லா மெஷினிலும் டெபியன் 12 (லினக்ஸின் ஒரு வகை), வெளியே போக ஒரே பிராட்பேண்ட் லைன். பிள்ளைகள் சேர்ந்தாற்போல அப்டேட் கொடுத்தால் அதே லிப்ரே ஆபிஸை ஒவ்வொரு மெஷினும் தனித்தனியாக இழுக்கும். தண்ணி லாரி வந்ததும் தெருவே குடத்தோடு ஓடுவதை விட, சம்ப்பில் நிரப்பி எல்லாரும் எடுத்துக்கொள்வது நல்லது இல்லையா?

அப்படியொரு சம்ப்தான் ரெப்போ, அதாவது மென்பொருள் பேக்கேஜ்களின் கிடங்கு. டெபியனின் கிடங்கை அப்படியே நகலெடுக்கும் முழு மிரர் வேண்டாம். டெபியன் 12-இல் 64,000-க்கும் மேல் பேக்கேஜ்கள் இருக்கின்றன. வகுப்புக்கு அதில் ஒரு மூலை போதும். ஒரு பழைய கம்ப்யூட்டரை சர்வராக்கி, ரவுட்டரில் அதற்கு நிலையான ஐபி கொடுத்து, ஆப்ட்-கேஷர்-என்ஜி நிறுவுங்கள்; ஒரு மெஷின் இறக்கிய பேக்கேஜைச் சேமித்து மற்றவற்றுக்கும் தரும் நிரல் அது. அது 3142 போர்ட்டில் நிற்கும். மற்ற மெஷின்களின் ஆப்ட் (பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் கருவி) அமைப்பில் அந்த முகவரியை எச்டிடிபி ப்ராக்ஸியாக (இடையில் நிற்கும் சர்வராக) ஒரே வரியில் எழுதினால் போதும். பேக்கேஜ் எங்கிருந்து வரும் என்று சொல்லும் சோர்ஸ் முகவரிகள் எச்டிடிபி-யாகவே இருக்கட்டும்; குறியாக்கம் செய்யப்பட்ட எச்டிடிபிஎஸ் போக்குவரத்தை கேஷரால் பிரித்துப் பார்த்துச் சேமிக்க முடியாது.

"அப்போ பாதுகாப்பு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ரெப்போவின் ரிலீஸ் கோப்பில் டெபியனின் கையொப்பம் இருக்கிறது. அதற்குள் பேக்கேஜ் பட்டியலின் எஸ்எச்ஏ256 (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) இருக்கும், பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் (பேக்கேஜ்) கோப்பின் எஸ்எச்ஏ256 இருக்கும். வழியில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் ஆப்ட் அந்தக் கோப்பை ஏற்காது. எந்த வழியாக வந்தது என்பதை விட யார் கையொப்பமிட்டது என்பதே முக்கியம்.

அதனால் நாமே தயாரித்து வகுப்பில் பகிரும் பேக்கேஜ்களுக்கும் கையொப்பம் கட்டாயம். அவற்றுக்கு ரெப்போ அமைக்க நான் ரெப்ரெப்ரோ என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். கையொப்பமிட ஜிபிஜி சாவி (தனிச் சாவி, பொதுச் சாவி என ஒரு ஜோடி) ஒன்று உருவாக்கி, டிஸ்ட்ரிப்யூஷன்ஸ் கோப்பில் கோட்நேம், ஆர்க்கிடெக்சர், காம்போனென்ட், சைன்வித் ஆகியவற்றை எழுதுங்கள். இன்க்ளூட்டெப் கட்டளை கொடுத்தால் பூல், டிஸ்ட்ஸ் ஃபோல்டர்களை அதுவே அமைத்துவிடும். என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் வழியாக வெளியிடும்போது கான்ஃப், டிபி ஃபோல்டர்களை யாரும் பார்க்காதபடி மூடுங்கள். பொதுச் சாவியை ஒவ்வொரு மெஷினின் கீரிங்ஸ் ஃபோல்டரிலும் வைத்து, சோர்ஸில் சைன்ட்-பை என்று குறிப்பிடுங்கள். கையொப்பச் சோதனையைத் தவிர்க்கும் ட்ரஸ்டட் ஈக்வல் யெஸ் (trusted=yes) என்று எழுதி வேலையை முடிக்காதீர்கள். இங்கே கற்கும் பிள்ளைகள் நாளைக்கு வேலை செய்யும் இடத்துக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோவார்கள். தனிச் சாவியின் நகல் ஒரு பென்டிரைவில் வேறு இடத்தில் இருக்கட்டும். அது தொலைந்தால் புதுச் சாவியோடு ஒவ்வொரு மெஷினாகப் போக வேண்டும்.

அப்புறம், பிள்ளைகளின் லேப்டாப். வீட்டுக்குப் போனால் ப்ராக்ஸி கிடைக்காமல் அப்டேட் நின்றுவிடும். அவற்றின் ஆப்ட் அமைப்பில் மட்டும் ப்ராக்ஸி-ஆட்டோ-டிடெக்ட் போட்டு, சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதுங்கள். சர்வர் கிடைத்தால் அதன் முகவரியையும், இல்லாவிட்டால் டைரக்ட் என்ற சொல்லையும் அது அச்சிட வேண்டும்.