வாரத்துக்கு ஒரு பேப்பர், பிரிட்ஜ் கதவுல

போன்ல எத்தனை ஆப் போட்டாலும் வீட்ல எல்லாரு கண்ணுலயும் படாதுங்க, அதான் நான் வாராவாரம் ஒரு பிளானர் ஷீட் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் கதவுல ஒட்டிடுறேன். ஏ4 பேப்பரை படுக்க வச்சு எடுங்க, அகலம் 29.7 சென்டிமீட்டர், ஏழு நாளுக்குப் பிரிச்சா ஒரு கட்டத்துக்கு சுமாரா 4 சென்டிமீட்டர் வரும், தாராளம். ஜெராக்ஸ் கடைல மொத்தமா பத்து காப்பி போட்டு வச்சுக்கோங்க.

ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடிச்சு உக்காந்து, மாத்தவே முடியாததை மட்டும் முதல்ல பேனால எழுதுங்க, ஆபீஸ் ஷிப்ட், பையனோட டியூஷன், கரண்ட் பில் கடைசி தேதி இப்படி. மத்ததெல்லாம் பென்சில்தான், ஏன்னா செவ்வாய்க்கிழமை ரேஷன் கடைன்னு எழுதியிருப்போம், அன்னிக்குன்னு பாத்து ஊர்லேந்து சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க, அழிச்சிட்டு வியாழனுக்குத் தள்ளிடலாம். ஒரு நாளைக்கு மூணு வேலைக்கு மேல போடாதீங்க ப்ளீஸ், கட்டம் நிறைஞ்சா பாக்கவே மலைப்பா இருக்கும்.

புதன்கிழமை சாயங்காலத்தை காலியா விட்டுடுங்க, திங்கள் செவ்வாய்ல விட்டதெல்லாம் அங்கதான் வந்து சேரும். வாரம் முடிஞ்சதும் மிச்சத்தை அடுத்த ஷீட்ல ஏத்திட்டு, பழசோட பின்பக்கத்துல மளிகை லிஸ்ட் எழுதிக்கோங்க.