கையா, எந்திரமா? பழைய வாயு ஆலைப் படத்தைப் பார்க்கும் முறை

நிலக்கரியிலிருந்து வாயு எடுத்த விக்டோரியா காலத்து ஆலையின் படம் ஒன்று கிடைத்தால், அங்கே கரி போட்டது கையாலா எந்திரத்தாலா என்று அறியப் பலரும் உடனே பின்பக்கம் திருப்பி ஆண்டைத் தேடுகிறார்கள். ஆண்டை நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தின் பிகர் என்னும் சிற்றூர் ஆலையில் 1973 வரை கையால்தான் கரி போட்டார்கள். எந்திரத்துக்குப் பணம் போட்டவை பெரிய ஆலைகளே.

முதலில் ரிட்டார்ட்டுகளின் வாயைப் பாருங்கள். இவை தீக்களிமண்ணால் செய்த நீண்ட குழாய்கள். காற்றுப் புகாமல் இவற்றுக்குள் நிலக்கரியைச் சுட்டால் வாயு பிரிந்து, கல்கரி மிஞ்சும். வாய்க்கு முன்னே, அரைக்குழாய் வடிவில் ஆளைவிட நீளமான இரும்புத் துடுப்பு கிடக்கிறதா? அப்படியானால் அது கைவேலை. கரி நிரப்பிய துடுப்பை முன்பக்கம் இரண்டு பேர் குறுக்குக் கம்பியில் தாங்க, பின்னால் ஒருவர் பிடியைப் பற்றி உள்ளே தள்ளி, கவிழ்த்து, வெளியே இழுப்பார். தணல் முகத்தில் அடிக்கும். ஒரு நொடி தாமதித்தாலும் வாயு வீணாகும். மூன்று பேரின் கால்களும் ஒரே தாளத்தில் நகர வேண்டிய வேலை அது. வெறும் உடல்பலம் என்று எழுதுகிறவர்கள் எனக்கு எரிச்சலூட்டுகிறார்கள்.

அடுத்து தரை. அடுப்பு வரிசைக்கு இணையாகத் தண்டவாளம் ஓடினால் எந்திரம் வந்துவிட்டது என்று பொருள். கிளாஸ்கோவின் வாயுப் பொறியாளர் வில்லியம் ஃபவுலிஸ் உருவாக்கிய எந்திரம் நீரழுத்தத்தில் இயங்கியது. ஜான் வெஸ்டின் எந்திரங்களில் அழுத்தக்காற்றும் பயன்பட்டது. ஆகவே குழாய்களையும் தேடுங்கள். கூரையடியில் கரித்தொட்டி இருந்தால் ஐயமே வேண்டாம்.

ரிட்டார்ட்டுகளே சாய்ந்திருந்தால் அது வேறு வழி. பிரான்சின் ரேம்ஸ் நகரில் கோஸ் என்பவர் 1880களில் கொண்டுவந்தது. மேலே கொட்டிய கரி தானாகச் சரிந்து நிரம்பும், துடுப்புக்கு வேலையில்லை.

ஆட்களைக் கடைசியில் எண்ணுங்கள். படம் எடுக்கும்போது அலுவலர்களும் வந்து நிற்பார்கள், எண்ணிக்கை குழப்பும். ஆனால் 1889ஐ மனத்தில் வையுங்கள். அந்த ஆண்டு லண்டன் பெக்டன் ஆலைத் தொழிலாளி வில் தார்ன் சங்கம் அமைத்து, பன்னிரண்டு மணி நேர வேலையை எட்டு மணி நேரமாக்க வைத்தார். எட்டு மணி என்றால் இரண்டு ஷிப்ட் மூன்றாகும், கூலிச் செலவு ஏறும். எந்திரம் அதற்கு முன்பே இருந்தது. முதலாளிகளுக்கு அதில் ஆர்வம் பெருகியது அதன் பிறகுதான். தொழிலாளரின் முதுகுவலியை எண்ணி வாங்கினார்கள் என்று யாராவது சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

துடுப்பும் தண்டவாளமும் ஒரே படத்தில் இருக்கின்றனவா? குழம்ப வேண்டாம். ஒரு வரிசையை எந்திரத்துக்கு மாற்றிவிட்டு, அடுத்ததைக் கையிலேயே விட்டிருக்கலாம். உருப்பெருக்கியை எடுத்து, தண்டவாளம் எந்த வரிசைக்கு முன்னே போகிறது என்று மட்டும் பாருங்கள்.