பெரெக் உத்தரவு போடாது: ஐரோப்பிய டெலிகாம் ஒழுங்குமுறையைப் பின்தொடர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பெரெக் தடை விதித்தது", "பெரெக் உத்தரவிட்டது", "பெரெக் அபராதம் போட்டது". ஐரோப்பிய டெலிகாம் பற்றி எழுதுபவர்களிடம் இந்த மூன்று வாக்கியங்களையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் மனசு கேட்கவில்லை. ஒரு டெலிகாம் நிறுவனத்துக்கு பெரெக்கால் அபராதம் போடவே முடியாது. அந்த அதிகாரம் அதற்கு இல்லை, வேண்டுமென்றேதான் கொடுக்கப்படவில்லை.

மின்னணுத் தகவல்தொடர்புக்கான ஐரோப்பிய ஒழுங்குமுறையாளர்கள் அமைப்பு என்பதன் சுருக்கம்தான் பெரெக். ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் ஆளுக்கொரு ரெகுலேட்டர், அதாவது டெலிகாம் ஒழுங்குமுறை அமைப்பு, இருக்கிறார்கள், அவர்கள் சுற்றி உட்கார்ந்து பேசும் மேசை என்று இதை எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். உத்தரவு போடுவது, அபராதம் விதிப்பது, நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கணக்குக் கேட்பது எல்லாம் பான் நகரில் இருக்கும் ஜெர்மானிய அமைப்பு, பாரிஸில் இருக்கும் ஆர்செப், டப்ளினில் இருக்கும் காம்ரெக் போன்றவற்றின் வேலை. இந்தியாவின் டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயை மனசில் வைத்துக்கொண்டு அதையே பெரிதாக்கி பெரெக் என்று நினைத்தால் முதல் அடியே சறுக்கும்.

ஏன் இப்படி என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு, அதைத் தாண்டிப் போனால் மற்ற எதுவும் புரியாது. 1997-லேயே ரெகுலேட்டர்கள் தாங்களாக ஒரு குழுவாகக் கூட ஆரம்பித்தார்கள். 2002-ல் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய கமிஷன் தனக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழுவை அமைத்தது. 2007-ல் கமிஷன் ஒரு படி மேலே போய், எல்லோருக்கும் மேலே ஒரே ஐரோப்பிய டெலிகாம் ஆணையம் வேண்டும் என்று முன்மொழிந்தது. உறுப்பு நாடுகளும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் அதை ஏற்கவில்லை. பேசிப் பேசி 2009-ல் வந்த சமரசம்தான் பெரெக். 2016-ல் கமிஷன் மறுபடியும் அதை முழு அளவிலான ஏஜென்சியாக மாற்றப் பார்த்தது, அதுவும் நடக்கவில்லை, 2018 டிசம்பரில் வந்த புதிய சட்டம் பழைய அமைப்பையே வலுப்படுத்தி வைத்துக்கொண்டது. ஆக இரண்டு முறை கேட்டும் 'ஒரே ரெகுலேட்டர் வேண்டாம், ஒத்துழைப்பு போதும்' என்றுதான் பதில் வந்திருக்கிறது. பெரெக்கைப் பல் இல்லாத அமைப்பு என்று திட்டுபவர்கள் இதை ஒருமுறை படித்துவிட்டுத் திட்டலாம்.

ரீகாவில் இருப்பது என்ன?

லாட்வியத் தலைநகர் ரீகாவில் பெரெக் அலுவலகம் இருக்கிறது. அந்த அலுவலகம்தான் ஒன்றியத்தின் ஏஜென்சி, சட்டப்படி தனி அமைப்பு. பெரெக் என்பது வேறு, அது ரெகுலேட்டர்களின் வாரியம். அறிக்கைகள் எல்லாம் ரீகாவில் எழுதப்படுகின்றன என்று நினைப்பது அடுத்த தவறு. உள்ளடக்கத்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் தேசிய ரெகுலேட்டர்களில் வேலை பார்க்கும் நிபுணர்கள், அவர்கள் பணிக்குழுக்களாகச் சேர்ந்து எழுதுகிறார்கள். ரீகா ஆட்கள் தரவு சேகரிப்பது, கூட்டங்களை நடத்துவது, ஆவணங்களை ஒழுங்குபடுத்துவது என்று பின்னால் இருந்து தாங்கிப் பிடிக்கிறார்கள். ஒரு வரைவைப் பற்றி யாரிடம் பேச வேண்டும் என்று தேடுபவர் ரீகாவுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தால் நேரம்தான் போகும். தன் நாட்டு ரெகுலேட்டரிடம், அந்தப் பணிக்குழுவில் உட்காரும் ஆளிடம் போவதுதான் சுருக்கு வழி.

வாரியத்தில் நாட்டுக்கு ஒரு வாக்கு. ஜெர்மனிக்கும் ஒன்று, மால்டாவுக்கும் ஒன்று. கமிஷன் கூட்டத்தில் உட்காரும், பேசும், வாக்களிக்காது. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் நாடுகளின் ரெகுலேட்டர்களுக்கும் இடம் உண்டு, வாக்கு இல்லை. உறுப்பினர்கள் தங்கள் அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டு வந்து கை தூக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அதனால் "பிரான்ஸ் அரசு பெரெக்கில் இப்படி வாக்களித்தது" என்று எழுதுவதும் தவறு.

வழிகாட்டுதல் சட்டம் அல்ல, வெறும் அறிவுரையும் அல்ல

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எல்லா இணையப் போக்குவரத்தையும் சமமாக நடத்தச் சொல்லும் இணையச் சமநிலைச் சட்டம் 2015-ல் வந்தது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று 2016 ஆகஸ்ட் 30-க்குள் பெரெக் வழிகாட்டுதல் தர வேண்டும் என்று அந்தச் சட்டமே கெடு வைத்தது. குறிப்பிட்ட சில ஆப்களுக்கு மட்டும் டேட்டாவைக் கழிக்காத திட்டங்கள் சரியா தவறா என்பதை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதுதான் அப்போதைய வழிகாட்டுதல்களின் நிலை. 2021 செப்டம்பர் 2 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் ஜெர்மன் வழக்குகள் மூன்றில் தீர்ப்புச் சொன்னது: அப்படிப்பட்ட திட்டங்கள் எல்லா இணையப் போக்குவரத்தையும் சமமாக நடத்த வேண்டும் என்ற கடமைக்கே முரணானவை. சரி, பெரெக்கின் வழிகாட்டுதல் என்ன ஆனது? 2022 ஜூனில் பெரெக் அதைத் திருத்தி எழுதியது. ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரலில், டாய்ச்சே டெலிகாமின் ஸ்ட்ரீம்ஆன், வோடஃபோனின் பாஸ் என்ற அப்படிப்பட்ட திட்டங்கள் இரண்டையும் நிறுத்தச் சொல்லி ஜெர்மன் ரெகுலேட்டர் உத்தரவு போட்டுவிட்டது. புதிதாக விற்பது 2022 ஜூலை முதல் கூடாது, பழைய வாடிக்கையாளர்களுக்கு 2023 மார்ச் இறுதிக்குள் முடித்துவிட வேண்டும்.

சட்டத்தின் பொருளை லக்சம்பர்க்கில் நீதிமன்றம் சொன்னது, அந்தப் பொருளை 27 நாடுகளுக்கும் ஒரே மாதிரி விரித்து எழுதியது பெரெக், நிறுவனத்தின் கையைப் பிடித்து நிறுத்தியது பானில் இருக்கும் ஜெர்மன் ரெகுலேட்டர். மூன்றையும் குழப்பினால் யாரிடம் மேல்முறையீடு, யாரிடம் புகார், யாருடைய வாசகத்தை மேற்கோள் காட்டுவது என எல்லாமே தவறும்.

அதற்காக வழிகாட்டுதலைக் காகிதம் என்று ஒதுக்கவும் கூடாது. அதை மிக உயர்ந்த அளவில் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டம் தேசிய ரெகுலேட்டர்களைக் கட்டுகிறது. பெரெக் தரும் கருத்துரைகளுக்கும் தனி எடை உண்டு. ஒரு நாட்டு ரெகுலேட்டர் பெரிய நிறுவனம் ஒன்றின்மீது போடப்போகும் கட்டுப்பாட்டைக் கமிஷனுக்கு அனுப்புகிறார், கமிஷனுக்குக் கடுமையான சந்தேகம் வந்தால் மூன்று மாதம் அந்த முடிவு நிறுத்திவைக்கப்படும், அதில் முதல் ஆறு வாரத்துக்குள் பெரெக் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். சில வகைக் கட்டுப்பாடுகளில் பெரெக்கும் அதே சந்தேகத்தை ஒத்துக்கொண்டால்தான் கமிஷனால் அந்த முடிவைத் திரும்பப் பெறச் சொல்ல முடியும். சக ரெகுலேட்டரை பெரெக் எப்போதும் தாங்கிப் பிடிக்கும் என்று கணக்குப் போடுபவர்கள் இந்தக் கருத்துரைகளைத் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். கமிஷன் சொல்வதுதான் சரி என்று சொன்ன கருத்துரைகளும் அதில் இருக்கின்றன.

வரைவைத் தீர்ப்பாகப் படிப்பது

பெரெக் ஆவணங்களின் தலையில் ஒரு எண் இருக்கும். 'பிஓஆர் (16) 94' என்றால் வாரியத்தின் 2016-ஆம் ஆண்டு 94-ஆம் எண் ஆவணம். இணையச் சமநிலை வழிகாட்டுதல்களின் வரைவு அந்த எண்ணில்தான் வந்தது. இறுதி வடிவம் பிஓஆர் (16) 127. 2020-ல் வந்த திருத்தம் பிஓஆர் (20) 112, 2022-ல் வந்தது பிஓஆர் (22) 81. நான்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பத்தி எண்கள்கூடப் பல இடங்களில் ஒத்துப்போகும், ஆனால் இன்று 127-ஐ எடுத்து வைத்துக்கொண்டு டேட்டா கழிக்காத திட்டங்களைப் பற்றி வாதாடினால் பழைய காலண்டரைப் பார்த்து நல்ல நாள் குறித்த கதைதான். நான் இப்போதெல்லாம் எந்த ஆவணத்தைத் திறந்தாலும் முதலில் இந்த எண்ணையும் தேதியையும் 'கருத்துக்கேட்புக்கு' என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

கருத்துக்கேட்பு என்றதும் இன்னொன்று. 2016-ல் அந்த 94-க்கு வந்த பதில்கள் 4,81,547. இவ்வளவு பேர் எழுதினார்கள், அதனால் முடிவு இப்படித்தான் வந்தது என்று பலர் எழுதினார்கள். கருத்துக்கேட்பு வாக்கெடுப்பு அல்ல. ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்பினாலும் அது ஒரு வாதம்தான். இன்ன பத்தியில் இன்ன சொல் இன்ன சிக்கலை உண்டாக்கும் என்று காட்டும் மூன்று பக்கம் அதைவிட நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பணிக்குழுவில் இருப்பவர் அதை எடுத்து அப்படியே மேசையில் வைக்க முடியும்.

எல்லை எங்கே முடிகிறது

ஐரோப்பா வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு. பாரிஸில் இருக்கும் என் சித்தி ஒருமுறை சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ரயிலில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்குப் போனார். "இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய் வந்தனான், ஒரு காசும் கூட எடுக்கேல்ல, இஞ்சை மட்டும் ஏன் இப்படி?" என்று பில்லைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டார். சொந்த ஊர்க் கட்டணத்திலேயே ரோமிங் என்ற விதி 2017 ஜூன் 15 முதல் ஒன்றியத்துக்குள் இருக்கிறது, 2022-ல் வந்த சட்டம் அதை 2032 வரை நீட்டியிருக்கிறது. சுவிட்சர்லாந்து அதற்குள் இல்லை. பிரிட்டனும் ஒன்றியத்தை விட்டுப் போனதோடு வெளியே. லண்டன், பாரிஸ், சூரிச் என்று உறவுகள் பரந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இது வருஷா வருஷம் பணமாக வலிக்கும் விஷயம், புறப்படுவதற்கு முன் தன் திட்டத்தில் அந்த நாட்டின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வழி.

மற்ற அமைப்புகளோடு குழப்புவதையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். அலைக்கற்றைத் தொழில்நுட்ப ஒத்திசைவு 1959-ல் தொடங்கிய செப்ட் என்ற பெரிய கூட்டமைப்பின் வேலை, அதன் அலுவலகம் கோபன்ஹேகனில். அலைக்கற்றைக் கொள்கையில் கமிஷனுக்கு ஆலோசனை சொல்வது ஆர்எஸ்பிஜி என்ற தனிக் குழு. இரண்டும் பெரெக் அல்ல.

வேலைத்திட்டத்தில் தாமதமாக நுழைவது

எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் வருத்தம் தரும் தவறு இதுதான், ஏனென்றால் அக்கறை உள்ளவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். அக்டோபர் வாக்கில் அடுத்த ஆண்டுக்கான வேலைத்திட்ட வரைவு வெளியாகும், அதைப் பார்த்துவிட்டு "எங்கள் பிரச்சினை இதில் இல்லையே" என்று அப்போதுதான் எழுத உட்காருவார்கள். சட்டத்தைப் பாருங்கள்: திட்டத்தின் முதல் கோட்டுருவம், அந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் ஜனவரி 31-க்குள் ஏற்கப்பட வேண்டும், இறுதித் திட்டம் அதே ஆண்டு டிசம்பர் 31-க்குள். அதாவது அக்டோபரில் நாம் பார்ப்பது ஒன்பது மாதம் பேசி முடித்த பொருள். அதில் சொல்லை மாற்றலாம், ஒரு திட்டத்தின் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தலாம், புதிதாக ஒன்றைச் சேர்ப்பது கடினம். யோசனைகள் கேட்கும் அழைப்பு அதற்கு முன்பே வரும், எழுத வேண்டிய நேரம் அது.

திட்டத்தைப் படிக்கும்போதும் எல்லா வேலைகளையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. சில வேலைகள் சட்டம் கெடு வைத்தவை, அசைக்க முடியாது. மிக உயர்திறன் நெட்வொர்க் என்றால் என்ன என்ற அளவுகோல்களை 2020 டிசம்பர் 31-க்குள் தர வேண்டும் என்றிருந்தது அப்படி ஒன்று. சில கமிஷன் கேட்பவை. மீதிதான் ரெகுலேட்டர்கள் தாங்களாக விரும்பி எடுப்பவை, வெளியிலிருந்து தள்ள முடிவது அந்த மீதியைத்தான்.

அப்புறம், காலக்கணக்கு. வாரியத்துக்கு ஆண்டுக்கு நான்கு முழு அமர்வுகள். ஒவ்வொன்றுக்கும் சில வாரம் முன்னால் தேசிய ரெகுலேட்டர்களின் தொடர்பாளர்கள் கூட்டம், வரைவுகள் அங்கே சலிக்கப்பட்டுத்தான் வாரியத்துக்குப் போகும். கருத்துக்கேட்பு உள்ள வேலை ஒரு அமர்வில் வரைவாக ஏற்கப்பட்டு, நான்கு முதல் ஆறு வாரம் வெளியில் இருந்து, பதில்கள் படிக்கப்பட்டு, திருத்தப்பட்டு, மறுபடி சலிக்கப்பட்டு வருவதற்குள் இடையில் ஒரு அமர்வு தாண்டிவிடும். மார்ச்சில் இறுதி வடிவம் வேண்டுமென்றால் முந்தைய இலையுதிர்காலத்திலேயே வரைவு தயாராக இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் "இன்னும் ஏன் வரவில்லை" என்று கேட்பவர்களும் உண்டு, உள்ளே இருந்துகொண்டே இதைப் போடாமல் ஆண்டுத் திட்டத்தை நிரப்பிவிடுகிறவர்களும் உண்டு.

அப்படி நிரப்புவதன் ஆபத்து 2020 மார்ச்சில் தெரிந்தது. ஊரடங்கில் நெட்வொர்க்குகளின் சுமை ஏறியபோது மார்ச் 19 அன்று கமிஷனும் பெரெக்கும் கூட்டறிக்கை வெளியிட்டன, அதோடு எல்லா நாடுகளின் நெட்வொர்க் நிலையையும் தொடர்ந்து கண்காணித்து அறிக்கை தரும் வேலையும் வந்து சேர்ந்தது. எந்தத் திட்டத்திலும் இல்லாத வேலை. 2022-லும் அப்படித்தான், உக்ரைன் அகதிகளுக்கான அழைப்புக் கட்டணங்கள், ரஷ்ய அரசு ஊடகங்களைத் தடுப்பது இணையச் சமநிலைக்கு முரணா என்ற கேள்வி, எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன. அதே ஆண்டு அக்டோபரில்தான், பெரிய இணைய நிறுவனங்கள் டெலிகாம் நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டுமா என்ற சூடான விவாதத்தில், அப்படி ஓர் ஏற்பாட்டை நியாயப்படுத்தும் ஆதாரம் எதையும் காணவில்லை என்று பெரெக் தன் முதற்கட்ட மதிப்பீட்டை வெளியிட்டது. உத்தரவு போடும் அதிகாரம் இல்லாத அமைப்பின் ஆவணம்தான், ஆனால் அதன் பிறகு அந்த விவாதத்தில் யாரும் அதைத் தொடாமல் பேச முடியவில்லை. ஆள் பலம் குறைந்த சின்ன ரெகுலேட்டர்களும் சேர்ந்துதான் இவற்றைச் செய்ய வேண்டும் என்பதை நினைத்தால், திட்டத்தில் கொஞ்சம் காலி இடம் விடுங்கள் என்று நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது புரியும்.

தலைவர் பதவி ஓராண்டுதான், அதனால் "புதிய தலைவர் வந்தால் எல்லாம் மாறும்" என்று காத்திருப்பதிலும் பயனில்லை. தலைவராகப் போகிறவர் இயன்றவரை முந்தைய ஆண்டே துணைத் தலைவராக இருப்பார், முடிந்த பிறகும் ஓராண்டு துணைத் தலைவராகத் தொடர்வார். அவர் தலைமையேற்கும் ஆண்டின் திட்டம் அவர் துணைத் தலைவராக இருக்கும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. அவரிடம் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் அந்த முந்தைய ஆண்டில் சொல்லுங்கள். ஒவ்வொரு முழு அமர்வுக்குப் பிறகும் நடக்கும் பொது விளக்கக் கூட்டத்தை இணையத்திலேயே பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம், கையில் ஆவண எண் இருந்தால் போதும்.